கொறங்காட்டில் அடுத்த தலைமுறை வெள்வேல மரங்கள் எங்கிருந்து வரும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மூலனூர் பக்கம் அப்பாரு காலத்திலிருந்து வந்த கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, 14 ஏக்கர். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே பெரிய பெரிய வெள்வேல மரங்கள். ஆடு வைத்திருந்தவர் வயதாகி விட்டுப்போன பிறகு சில வருடங்களாக மேய்ச்சல் கிடையாது. மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன. இளமரம் என்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இதை நெருக்கமாகக் கன்று நட்டு அடர்காடாக ஆக்கலாமா? சும்மா விட்டால் தானாகவே காடாகிவிடுமா? சோலாருக்குக் குத்தகை கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா? பட்ட மரங்களை விறகுக்கு விற்கலாமா?

நடவும் வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆடு மாட்டைத் திரும்ப உள்ளே விடுங்கள், ஆனால் கணக்கோடு விடுங்கள். இளமரம் வராததற்குக் காரணம் மேய்ச்சல்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. மேய்ச்சல் நின்றுபோன கொறங்காட்டில் வெள்வேலம் வருவது இன்னும் கஷ்டம். ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளம்.

கொங்குப் பக்கம் தெரியாதவர்களுக்காக இரண்டு பத்தி. திருப்பூர் மாவட்டத்தில் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர். கரூர் மாவட்டத்தில் க.பரமத்தி, அரவக்குறிச்சி, ஈரோட்டில் சென்னிமலை, கொடுமுடிப் பக்கம் என்று விரிந்து கிடக்கும் மேய்ச்சல் நிலத்துக்குத்தான் கொறங்காடு என்று பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி இது. வருடத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் விழுந்துவிடும். மண்ணும் ஆழமில்லை. செம்மண்ணும் சரளையும் கொஞ்சம் தோண்டினாலே சுக்கான்பாறையும். இந்த மண்ணில் வருடா வருடம் வெள்ளாமை வைத்தால் மூன்று வருடத்தில் ஒரு வருடம் விதைத்தது வீடு வந்து சேரும். அதனால் இங்கிருந்த குடியானவர்கள் நிலத்தைப் புல்லுக்கு விட்டு, புல்லை ஆடு மாடு மூலம் காசாக்கினார்கள். காங்கயம் மாடு என்று நாம் பெருமையாகச் சொல்லும் இனம் வளர்ந்தது இந்த நிலத்தில்தான். காங்கயம் பக்கத்துப் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் சென்ற நூற்றாண்டில் அந்த இனத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதும் இங்கேதான். மேச்சேரி ஆடும் இந்தப் புல்லை நம்பி வாழும் ஆடுதான்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. நாட்டின் மற்றப் பகுதிகளில் மேய்ச்சல் நிலம் என்றால் பெரும்பாலும் புறம்போக்கு, ஊர்ப் பொது. கொறங்காடு அப்படியில்லை, பட்டா நிலம். ஒவ்வொரு குடும்பமும் தன் காட்டைக் கிளுவை வேலியால் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றை மேய்க்கும்போது மற்றதை மூடி வைத்தார்கள். ஊர் கூடிக் கெடுக்கவும் முடியாது, ஊர் கூடிக் காப்பாற்றவும் முடியாது. உங்கள் காடு என்ன ஆகும் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. மதுரையைச் சேர்ந்த சேவா அமைப்பு இந்த முறையைப் பற்றிப் பல வருடமாக ஆவணப்படுத்தி வந்திருக்கிறது. கொறங்காடு பற்றி வெளியுலகத்துக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு அவர்கள் வேலை.

இப்போது மரத்துக்கு வருவோம். ஏக்கருக்குச் சில மரங்கள்தான், அதுவும் சிதறி நிற்கின்றன. இவ்வளவு கொஞ்சம் மரம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். வெள்வேலத்தின் இலை மிகச் சிறியது, நிழல் கனமில்லாத நிழல். வெயில் சல்லடையில் இறங்குவதுபோல் இறங்கும். அதனால் மரத்தடியில் புல் சாகாது. மற்ற இடத்தில் காய்ந்த பிறகும் அங்கே சில வாரம் பச்சை இருக்கும். உதிரும் சருகு மண்ணுக்குப் போகிறது. சித்திரை வெயிலில் ஆடு மாடு எல்லாம் பகல் முழுக்க அந்த நிழலில்தான் படுக்கும், சாணமும் புழுக்கையும் அங்கேயே விழும். காடு முழுக்க மேய்ந்த சத்து மரத்தடிக்கு வந்து சேர்கிறது. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு வளமான வட்டம் உண்டாவதற்கு இதுதான் காரணம். உலகத்தில் எந்தப் புல்வெளியில் மரம் சிதறி நின்றாலும் ஆய்வாளர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் காய். கோடையில் புல் எல்லாம் தீர்ந்துபோன நேரத்தில் வெள்வேலங்காய் முற்றி உதிரும். ஆட்டுக்கு அது விருந்து. புரதம் அதிகம், புல் இல்லாத குறையைக் கொஞ்ச நாள் தாங்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. வெள்வேலத்தின் இலையிலும் காயிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் உண்டு. வெறும் வயிற்றில் அதை மட்டுமே தின்றால் ஆட்டுக்கு ஆபத்து. விவரம் தெரிந்த பட்டிக்காரர்கள் கொஞ்சம் வேறு தீனி காட்டிவிட்டுத்தான் காய் உதிர்ந்த இடத்துக்கு ஓட்டுவார்கள். வறட்சியில் கிளை கழித்துத் தழை போடும்போதும் இதே கவனம் வேண்டும். ஒரே மரத்தை வருடா வருடம் மொட்டையடித்தால் அது பூக்கவே பூக்காது, அடுத்த கோடைக்குக் காய் இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். (இந்த மரத்தின் பட்டைக்கு வேறொரு புகழும் உண்டு. பட்டைச் சாராயம் காய்ச்சியவர்கள் இதைத் தேடித்தான் வந்தார்கள். பட்டை உரித்துச் செத்த மரங்களும் ஒரு காலத்தில் நிறைய.)

மரம் இருந்தால் அதை நம்பி வருபவையும் இருக்கும். வயதான மரத்தின் பொந்தில் புள்ளி ஆந்தை, பனங்காடை, கொண்டலாத்தி. புல்லில் கௌதாரி, காடை, முயல், விசிறித்தொண்டை ஓணான். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வலசை வரும் பூனைப்பருந்துகள் புல்லுக்குமேல் தாழப் பறந்து இரை தேடும். இவற்றில் பெரும்பாலானவை திறந்த வெளியை நம்பி வாழ்பவை. இடத்தை அடைத்து மரம் வைத்தால் இவை போய்விடும். உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே வந்துவிட்டது.

மீதிப் பாதி தண்ணீர். அடர்காடு முறையை உருவாக்கிய அகிரா மியாவாக்கி ஜப்பானியத் தாவரவியலாளர். அவர் வேலை செய்தது நல்ல மழை பெய்கிற, இயற்கையாகவே காடு மூடிக்கிடக்கிற நாட்டில். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று கன்று என்று நெருக்கி நட்டால் அங்கே சரிவரும். தொழிற்சாலை வளாகத்தின் மூலையில், ஊருக்குள் குப்பைமேடாகக் கிடந்த இடத்தில் அதைச் செய்வதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் 600 மில்லிமீட்டர் மழையில், சுக்கான்பாறைமேல், அவ்வளவு மரத்தைத் தாங்க ஆழ்துளைக் கிணறு போட்டு வருடக்கணக்கில் சொட்டுநீர் விடவேண்டும். அதற்குக் கொடுக்கும் விலை, ஏற்கெனவே வேரூன்றி நிற்கும் புல்லும் அதன் வேரில் சேர்ந்திருக்கும் கரிமமும். ஒரு பழைய கொறங்காட்டைக் குழி தோண்டி அழித்துவிட்டு அங்கே ‘பசுமை’ உண்டாக்குவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, சும்மா விட்டால்? வருவது வெள்வேலங்காடாக இருக்காது. சீமைக்கருவேலம்தான் வரும். நீங்களே இந்நேரம் வேலியோரத்தில் பார்த்திருப்பீர்கள். மேயாத புல் முதல் இரண்டு வருடம் பார்க்கச் செழிப்பாக இருக்கும். அதன் பிறகு பழைய தாள் காய்ந்து அப்படியே நின்று, கீழே புதுத் தளிர் வர வெளிச்சம் இல்லாமல் தூர் நடுவில் செத்துப்போகும். மாசி பங்குனியில் யாரோ போட்ட ஒரு பீடித்துண்டு போதும், மொத்தமும் எரியும். எரிந்த இடத்தில் தளிர்த்து எழுவதில் சீமைக்கருவேலத்தை மிஞ்ச ஆளில்லை.

வெள்வேல விதை ஏன் முளைக்கவில்லை என்பதுதான் இதில் மையம். அந்த விதையின் தோல் மிகக் கடினம். தண்ணீர் சுலபமாக உள்ளே இறங்காது. கீழே உதிர்ந்து கிடக்கும் காயை வண்டு துளைக்கும், பெரும்பங்கு விதை அப்படியே பொட்டாகிப் போகும். ஆடு அந்தக் காயைச் சீக்கிரம் தின்றுவிட்டால் வண்டிடமிருந்து விதை தப்புகிறது. வயிற்றுக்குள் போய்வரும் விதையில் ஒரு பகுதிக்குத் தோல் இளகுகிறது. புழுக்கையோடு வேறு இடத்தில், தாய்மரத்தின் நிழலுக்கு வெளியே விழுகிறது. பிறகு மழை. காலங்காலமாக இந்த மரத்தை நட்டவர் யாரும் இல்லை, ஆடுதான் விதைத்தது. ஆட்டை நிறுத்தினால் விதைப்பும் நின்றது.

ஆனால் அதே ஆடுதான் முளைத்த கன்றையும் கடிக்கிறது. செம்மறியைவிட வெள்ளாடு இன்னும் மோசம், அதற்குப் புல்லைவிடத் தழைதான் பிடிக்கும். பழைய காலத்தில் இது எப்படிச் சமாளிக்கப்பட்டது என்றால், மேய்ச்சலில் இடைவெளி இருந்தது. மழைக்குப் பிறகு காட்டை மூடி வைத்தார்கள். பிடித்த கன்றுக்குப் பக்கத்தில் ஒரு வேலாமுள்ளை வெட்டி வைத்துவிட்டுப் போவார் பட்டிக்காரர். பெரிய யோசனை ஒன்றும் இல்லை, நடக்கிற வழியில் செய்கிற வேலை. அந்த ஆள் இல்லாமல் போனதும், டிராக்டர் வந்து உழவு போட்டதும், துண்டு நிலத்தில் வருடம் முழுக்க ஒரே மந்தை நின்றதும் சேர்ந்து ஒரு தலைமுறை இளமரங்களை இல்லாமல் ஆக்கிவிட்டன. உங்கள் காட்டில் நிற்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே வயது மரங்கள். அதனால்தான் சேர்ந்தாற்போல் பட்டுப்போகின்றன.

இது நம்முடைய தனிப்பட்ட தலைவிதி என்று நினைக்க வேண்டாம். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஓக் மரங்கள் சிதறி நிற்கும் மேய்ச்சல் காடுகள் 30 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருக்கின்றன. ஓக் கொட்டையைத் தின்று வளரும் பன்றிகளின் இறைச்சிக்கு உலகம் முழுக்கக் கிராக்கி. அங்கேயும் இன்று பெரிய கவலை இதுதான்: கிழமரங்கள் நிற்கின்றன, பின்னால் வர இளசு இல்லை. ஐரோப்பாவில் இன்னொரு கூத்தும் நடந்தது. விவசாய மானியத்துக்கான விதியில் ஹெக்டேருக்கு 50 மரத்துக்கு மேல் இருந்தால் அது மேய்ச்சல் நிலக் கணக்கில் வராது என்று வைத்தார்கள். ஸ்வீடனில் விவசாயிகள் மானியம் போய்விடுமே என்று நல்ல மரங்களை வெட்டினார்கள். பிறகு எண்ணிக்கையை 100 ஆக உயர்த்தினார்கள். நிலம் என்றால் ஒன்று வயல், இல்லாவிட்டால் காடு. இரண்டும் கலந்தது என்று ஒன்று இருப்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் ஒத்துக்கொள்வதில்லை. இங்கேயும் அதே கதைதான். அடங்கலில், அதாவது ஊர்ப் பயிர்க் கணக்கில், பயிர் ஏறாத நிலம் தரிசு. இந்திய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதரும் புல்லுமாக இருக்கும் நிலத்துக்குத் தனி வகையே உண்டு. ஆண்டு முழுக்க இறைச்சியும் பாலும் எருவும் தரும் நிலத்துக்கு அங்கே கிடைக்கும் பெயர் தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால் அதில் எதை வேண்டுமானாலும் கட்டலாம் என்று ஆகிவிடுகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக அறிவித்தது. நம் அடங்கலில் கொறங்காட்டுக்கு ஒரு வரி கிடைத்தால் அதைவிடப் பெரிய காரியம்.

இனி உங்கள் 14 ஏக்கரில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதல் வேலை சீமைக்கருவேலம். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது சின்னச் செடிகளை வேரோடு பிடுங்கிவிடலாம். பெரியதை வெட்டினால் போதாது. தண்டும் வேரும் சேரும் கழுத்துக்குக் கீழே தோண்டி எடுக்காவிட்டால் பத்து கிளையாகத் தளிர்க்கும். ஜேசிபி வைத்தால் நீங்கள் கூடவே நில்லுங்கள். ஓட்டுபவருக்கு முள் இருக்கிற மரமெல்லாம் ஒன்றுதான். காப்பாற்ற வேண்டிய மரத்துக்கும் கன்றுக்கும் முன்கூட்டியே துணி கட்டியோ சுண்ணாம்பு அடித்தோ வையுங்கள். அடையாளம் சந்தேகமாக இருந்தால் பூவைப் பாருங்கள். சீமைக்கருவேலத்தின் பூ ஒரு விரல் நீளக் கதிராகத் தொங்கும். வெள்வேலத்தில் வெளிர்மஞ்சளாகச் சின்னச் சின்ன உருண்டைகள், கிளை நுனியில் கொத்துக் கொத்தாக இருக்கும். இளமரத்தின் பட்டையும் வெளுப்பு.

மந்தையை உள்ளே விடும்போதும் இதை மறக்கக்கூடாது. சீமைக்கருவேலங்காயைத் தின்ற ஆடு உள்ளே வந்தால் புழுக்கையோடு அந்த விதையையும் போட்டுவிட்டுப் போகும். வெளியிலிருந்து வரும் மந்தையை மூன்று நான்கு நாள் வெளிப்பட்டியில் அடைத்து வேறு தீனி கொடுத்த பிறகு விடச் சொல்லுங்கள். சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் சொல்லுங்கள்.

இரண்டாவது வேலி. கிளுவை வேலியில் ஓட்டை விழுந்திருந்தால் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் ஒரு பழைய கிளுவை வேலியைக் கிட்டே போய்ப் பாருங்கள். பிரண்டை, கோவை, தூதுவளை, முடக்கத்தான், வேலிப்பருத்தி எல்லாம் அதன்மேல்தான் ஏறிக் கிடக்கும். அதன் அடியில் கீரி, உடும்பு. உள்ளே குருவிக் கூடு. கொறங்காட்டில் ஆடு வாய் வைக்க முடியாத ஒரே இடம் அதுதான் என்பதால், மேய்ச்சலில் நிற்க முடியாத செடியெல்லாம் அங்கே ஒதுங்கி வாழ்கிறது. பெரும்பாலான வேம்பும் ஊஞ்சமரமும் வேலிக்குள்ளிருந்துதான் தலை தூக்கும். ஆடிக் காற்றில் மண் பறக்காமல் பிடிப்பதும் வேலிதான். கம்பி வேலிக்கு இதில் ஒன்றும் வராது, துருப்பிடிப்பதைத் தவிர. ஓட்டை விழுந்த இடத்தில் மழைக்கு முன்னால் கைப்பருமன் கிளுவைப் போத்தை (வெட்டிய கிளையை) நெருக்கமாக நட்டு, தழையும்வரை முன்னால் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டால் போதும். போத்துக்குக் காசும் கிடையாது, உங்கள் வேலியிலேயே வெட்டிக்கொள்ளலாம். காட்டுக்குள் இரண்டு குறுக்கு வேலியும் இதே மாதிரி எழுப்பி மூன்று துண்டாக்கிவிடுங்கள். கடவு, அதாவது போய்வரும் திறப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு படல்.

மூன்று துண்டு ஏன் என்றால், மாற்றி மாற்றி மேய்க்க. புரட்டாசி ஐப்பசியில் முதல் மழைக்குப் புல் தளிர்க்கும்போதே ஆட்டை விட்டால் வேரில் இருக்கும் சேமிப்பு தீர்ந்து தூர் பலமிழக்கும். கொழுக்கட்டைப் புல் கதிர் வாங்கி விதை உதிரும்வரை மூடி வையுங்கள். மார்கழி, தையிலிருந்து ஒவ்வொரு துண்டாகத் திறக்கலாம். எத்தனை ஆடு என்று என்னைக் கேட்டால் எண் சொல்ல மாட்டேன். மண்ணும் மழையும் வருடத்துக்கு வருடம் வேறு. புல் நான்கு விரல் உயரத்துக்குக் கீழே போனால் அடுத்த துண்டுக்கு ஓட்டுங்கள். அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

சில இடங்களில் புல் தூர் செத்து மண் தெரிந்தால் விதை தூவவேண்டியிருக்கும். கொழுக்கட்டைப் புல்லின் புது விதை உடனே முளைக்காது, அதற்கு ஓய்வு வேண்டும். போன வருடம் சேர்த்த விதையைப் பயன்படுத்துங்கள். பஞ்சுபோல் காற்றில் பறக்கும் என்பதால் ஈரமணலிலோ சாண எருவிலோ கலந்து தூவி, மேலாக ஒரு முள்கிளையை இழுத்துவிட்டால் போதும். ஆழமாகப் புதைந்தால் வராது. இதே புல்லை ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாப் பாலையிலும் விரட்டி விரட்டிப் பிடுங்குகிறார்கள். அங்கே அது வந்தேறி, தீயைப் பரப்பும் களை. ஒரு புல் நல்லதா கெட்டதா என்று அது நிற்கும் ஊரைக் கேட்காமல் சொல்ல முடியாது போலிருக்கிறது.

உழவு பற்றி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணை லேசாகக் கீறி, சோளமோ கொள்ளோ விதைத்து, மறுபடி புல்லுக்கு விடுவது பழைய வழக்கம். மண் இறுகிப்போன துண்டுக்கு அது நல்லதுதான். ஆனால் மாடு கட்டிய மரக்கலப்பை வேறு, டிராக்டர் சட்டிக்கலப்பை வேறு. மரத்தின் கிளை எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறதோ அந்த வட்டத்துக்குள் டிராக்டர் போகக்கூடாது. மேல் வேர் அறுந்த கிழமரம் உடனே பட்டுப்போகாது, இரண்டு மூன்று வறட்சி கழித்துப் பட்டுப்போகும். அப்போது காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இளமரத்துக்கு இப்போது வருகிறேன், இதுதான் உங்கள் உண்மையான கேள்வி. கோடையில் ஆட்டை விட்டு, மழையில் மூடி வைத்தாலே அடுத்த கார்த்திகைக்குள் காட்டில் அங்கங்கே கன்று தெரியும். எல்லாவற்றையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். பழைய மரம் இல்லாத இடமாகப் பார்த்து, ஏக்கருக்கு மூன்று நான்கு கன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி வேலாமுள்ளை வட்டமாக அடுக்கி, மேலே ஒரு கல் வையுங்கள். முள் மக்கினால் புதுசு போடுங்கள். ஆட்டின் வாய் எட்டாத உயரம் வரும்வரை, அதாவது தலைக்குமேல் போகும்வரை இந்தக் காவல் தேவை. இடையில் பக்கக் கிளையைக் கழித்து ஒரு தண்டாக ஏற்றிவிட்டால் சீக்கிரம் தப்பும். இரண்டு வருடம் கழித்து இன்னும் நாலு கன்று, அப்புறம் இன்னும் நாலு. ஒரே வருடத்தில் எல்லாம் வைத்தால் உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் இதே கேள்வி திரும்ப வரும்.

தானாக முளைக்கக் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. காய் உதிரும் காலத்தில் ஆடு இரவில் பட்டியில் படுத்து அசைபோடும்போது விதையைத் துப்பும். காலையில் பட்டியைக் கூட்டினால் அந்த விதை கிடைக்கும், ஏற்கெனவே பதமானது. அது இல்லாவிட்டால் கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீரில் விதையைப் போட்டு இரவு முழுக்க ஊறவிடலாம். முளைக்கப் போட்டதை நேரே காட்டில் ஊன்றுங்கள். பாலிதீன் பையில் வளர்த்தால் ஆணிவேர் சுருண்டுவிடும். இந்த மரம் கோடையைத் தாங்குவதே அந்த வேரால்தான்.

இதையெல்லாம் யார் செய்வது? நீங்கள் வெளியூரில் இருக்கிறீர்கள், அதனால் மேய்ச்சல் குத்தகைதான் நடைமுறைக்கு ஒத்துவரும். கொங்குப் பக்கம் அது புதிதல்ல. ஆனால் வாய்ப்பேச்சாக விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை உருப்படி, எந்த மாதம் மூடுவது, கிளை கழிக்க யாரைக் கேட்கவேண்டும், காய் யாருக்கு, முள் வைத்த கன்று செத்தால் என்ன. குத்தகைப் பணத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு, வேலியையும் கன்றையும் பார்த்துக்கொள்ளும் கூலியாக அதை வைப்பது நல்லது. ஒரு வருடக் குத்தகைக்காரர் அடுத்த வருடப் புல்லைப் பற்றிக் கவலைப்படமாட்டார். குறைந்தது ஐந்து வருடம் கொடுங்கள். ஆடு வளர்ப்பவர் பக்கத்து நியாயமும் இருக்கிறது. இப்போது அவர்களைப் பயமுறுத்துவது புல் பஞ்சத்தைவிடத் தெருநாய். ராத்திரியில் பட்டிக்குள் புகுந்து கடித்துப்போட்டுவிடுகின்றன. காங்கயம், வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்தில் செத்த ஆட்டைச் சாலையில் போட்டு மறியல் செய்யும் அளவுக்குப் போனது. நாய் நுழையாத ஒரு நல்ல இரவுப்பட்டி கட்டிக் கொடுத்தால் குத்தகைக்கு ஆள் கிடைப்பது சுலபமாகும். ஆட்டு விலை பற்றிக் கவலை வேண்டாம், கன்னிவாடிச் சந்தையிலும் குண்டடம் சந்தையிலும் இந்தப் பக்கத்து ஆட்டுக்கு எப்போதும் கேட்பு உண்டு. காங்கயம் மாடு வைப்பது வேறு கணக்கு. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலமும் வண்டி கட்டிய காலமும் போய்விட்டதால் காளைக்கு வேலை குறைந்துவிட்டது, பாலும் கொஞ்சம்தான். ஆசைக்கு இரண்டு வைக்கலாம், வருமானத்துக்கு ஆட்டை நம்புங்கள்.

பங்காளிகளுக்குள் பாகம் பிரிக்கும் பேச்சு இருந்தால், பத்திரத்தில் பிரித்துக்கொள்ளுங்கள், தரையில் பிரிக்காதீர்கள். இரண்டு இரண்டு ஏக்கராக நறுக்கிய காட்டில் மாற்றி மேய்க்க இடம் இருக்காது.

சோலார் விஷயத்தில் நான் உங்களுக்கு உபதேசம் பண்ணப்போவதில்லை. மேய்ச்சல் குத்தகையைவிட அவர்கள் கொடுப்பது பல மடங்கு அதிகம், அதை மறுத்து அர்த்தமில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்காக முதலில் காற்றாலை வந்தது. அது காலூன்றும் இடம் கொஞ்சம், பாதை போட்டதுதான் அதிக சேதம், மற்றபடி கீழே ஆடு மேயலாம். சோலார் அப்படியில்லை. நிழல் விழுந்தால் மின்சாரம் குறையும் என்பதால் ஒரு மரமும் மிஞ்சாது, வேலியும் போகும். ஒப்பந்தம் பெரும்பாலும் 25 வருடத்தை ஒட்டியது. திரும்பக் கைக்கு வரும்போது நிலம் இருக்கும், கொறங்காடு இருக்காது. பணத் தேவை உண்மையிலேயே இருந்தால் மரம் இல்லாத, புல் செத்த மூலை எது என்று பார்த்து, அந்த நாலைந்து ஏக்கரை மட்டும் பேசுங்கள். மரம் நிற்கும் பகுதியைத் தனி சர்வே உட்பிரிவாக்கி வைத்துக்கொண்டு பேசினால் பேரம் தெளிவாக இருக்கும். முழுசாகத் தந்தால்தான் எடுப்போம் என்றால், அது உங்கள் குடும்பம் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியது.

கடைசியாகப் பட்ட மரங்கள். எல்லாவற்றையும் வெட்டவேண்டாம். பட்டு நிற்கும் மரத்தில்தான் பொந்து அதிகம், பருந்தும் கரிச்சானும் உட்கார்ந்து காட்டைப் பார்ப்பதும் அதில்தான். வெள்வேலம் வைரம் பாய்ந்த மரம், பட்ட பிறகும் வருடக்கணக்கில் நிற்கும். மந்தை படுக்கும் இடத்திலும் தடத்தை ஒட்டியும் சாயும் நிலையில் இருப்பதை மட்டும் இறக்குங்கள். இலையில்லாமல் நிற்பதெல்லாம் பட்டது என்று நினைத்துவிட வேண்டாம், கடும் வறட்சியில் உயிர் மரமும் மொட்டையாக நிற்கும். நகத்தால் பட்டையைக் கீறி உள்ளே பச்சை இருக்கிறதா பாருங்கள், ஒரு மழை பொறுத்து இன்னொரு தடவை பாருங்கள். விறகு வியாபாரி வந்து மொத்தமாக விலை பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெட்டவேண்டிய மரத்துக்கு மட்டும் நீங்களே சுண்ணாம்பு அடித்து, எண்ணி எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் விலை பேசுங்கள். வெட்டுகிற அன்றைக்கு அங்கே இருங்கள்.